மலைப்பாதை ஓடையாவது எப்படி?

மந்தினிலிருந்து சிரம்பானுக்குப் பழைய சாலையில் போயிருந்தால், வயிற்றைப் புரட்டும் அந்த வளைவுகள் உங்களுக்கு நினைவிருக்கும். மலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதற்குச் சாலை ஏன் இவ்வளவு சுற்ற வேண்டும்? நேராக ஏறி நேராக இறங்கினால் தூரம் எவ்வளவோ குறையுமே!

வண்டி இழுக்காது என்பது ஒரு பதில். அது சரியான பதில்தான். ஆனால் வண்டியே போகாத ஒற்றையடிப் பாதைக்கும் இதே வளைவு தேவை. அதற்குக் காரணம் தண்ணீர். சரிவில் நேராக வெட்டிய எந்தப் பாதையும், மழை பெய்யும்போது பாதையாக இருப்பதில்லை, வாய்க்காலாகிவிடுகிறது.

சனி, ஞாயிறு விடியற்காலையில் நம் வட்டாரக் குன்றுகளின் அடிவாரத்திற்குப் போய்ப் பாருங்கள். மந்தினுக்கு வடக்கே, சிலாங்கூர் எல்லையை ஒட்டி, ஏறக்குறைய 400 மீட்டர் உயரமுள்ள புரோகா குன்றில் சூரிய உதயம் பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்கள். சிரம்பானுக்குக் கிழக்கே 825 மீட்டர் உயரமுள்ள ஆங்சி மலைக்கும் அப்படித்தான். பள்ளிக் கழகங்கள், ஆலய இளைஞர் குழுக்கள், அலுவலக நண்பர்கள் என்று இருபது முப்பது பேராகப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. நல்ல பழக்கம்தான். இது நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை. 1938-இல் கோலாலம்பூரில் சில ஆங்கிலேயர்கள் தொடங்கிய 'ஹேஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்' என்ற ஓட்டக் குழு, காகிதத் துண்டுகளைப் போட்டுத் தடம் வைத்து, ரப்பர் தோட்டங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இன்று உலகின் நூற்றுக்கணக்கான நகரங்களில் அதன் கிளைகள் இருக்கின்றன. அவர்கள் ஓடிய நிரைகளைப் போட்டவர்களும் அவற்றில் பால் வெட்டியவர்களும் நம் தாத்தா பாட்டிமார்.

கேள்வி என்னவென்றால், இத்தனை கால்கள் ஒரே பாதையில் நடந்தால் மலைக்கு என்ன ஆகும்?

கால் மண்ணுக்கு என்ன செய்கிறது

அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுப்பது. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் தரையைச் சுமார் 600 நியூட்டன் விசையால் அழுத்துகிறார். ஒற்றைக் காலில் நிற்கும்போது காலணியின் அடிப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அழுத்தம் 30 கிலோபாஸ்கல். ஆனால் ஏற்றத்தில் யாரும் முழுப் பாதத்தையும் வைப்பதில்லை. முன்காலை ஊன்றி உந்துகிறோம். அப்போது தரையைத் தொடும் பரப்பு 60 சதுர சென்டிமீட்டராகக் குறைந்தால், அழுத்தம் 100 கிலோபாஸ்கலாக உயர்கிறது. அதாவது செங்குத்தான இடத்தில், மண் எங்கே பலவீனமாக இருக்கிறதோ அங்கேதான் நாம் அதை அதிகம் நசுக்குகிறோம்.

காட்டின் மேல்மண் பஞ்சு போன்றது. மண்புழு துளைத்த வழிகள், அழுகிய வேர் விட்டுப்போன குழாய்கள், இலைமக்கு எல்லாம் சேர்ந்து அதில் பாதிக்கு மேல் வெற்றிடம். ஒரு கன சென்டிமீட்டர் காட்டு மேல்மண் உலர்ந்த நிலையில் சுமார் 1 கிராம் இருக்கும். மிதிபட்டு இறுகிய மண் 1.5 கிராம் வரை போகும். மண்துகளின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம் என்ற மதிப்பைக் கொண்டு கணக்கிட்டால், முதல் மண்ணில் 62 விழுக்காடு வெற்றிடம், இரண்டாவதில் 43 விழுக்காடு. "இன்னும் 43 இருக்கிறதே, போதாதா?" என்று கேட்கலாம். போதாது. முதலில் மூடிக்கொள்வது பெரிய துளைகள்தாம். மழைநீரை வேகமாகக் கீழே இறக்குபவையும் அவைதாம். மிஞ்சுகிற சின்னஞ்சிறு துளைகள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்குமே தவிர, உள்ளே விடாது.

இங்கே பலருக்கு வியப்பளிக்கும் ஒரு செய்தி உண்டு. மிதிக்காத இடத்தில் முதலில் நடக்கும் சிலர் செய்யும் சேதமே மிக அதிகம். அதன் பிறகு ஆயிரம் பேர் நடந்தாலும் சேதம் அதே விகிதத்தில் ஏறுவதில்லை. ஏற்கெனவே இறுகிய மண் இன்னும் எவ்வளவு இறுகும்? ஆகையால் பாதையின் நடுவே சேறு இருந்தால், அதைச் சுற்றிப் புல்லில் இறங்கி நடக்கக் கூடாது. சேற்றின் நடுவே நடக்க வேண்டும்! சுற்றி நடக்கும் ஒவ்வொருவரும் பாதையை ஒரு சாண் அகலமாக்குகிறார். அடுத்த வாரம் அந்தப் புதிய ஓரமும் சேறாகும். அதற்கடுத்த வாரம் இன்னும் வெளியே போவார்கள். காலணி அழுக்காகும் என்று பயப்படுகிறவர் மலைக்கு வராமல் மைதானத்தில் நடக்கலாம் என்பது என் கருத்து.

ஒரு மழைக்கு எத்தனை டன்?

பாதை இறுகிவிட்டது. இப்போது மாலை நேர இடிமழை ஒன்று பெய்கிறது, 50 மில்லிமீட்டர். நம் நாட்டில் இது அதிசயம் இல்லை. 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். ஒரு மீட்டர் அகலமும் 200 மீட்டர் நீளமும் உள்ள பாதைத் துண்டில் மட்டும் விழும் நீர் 10,000 லிட்டர், அதாவது 10 டன். மேற்சரிவிலிருந்து வழிந்து பாதைக்குள் இறங்கும் நீரை இதில் சேர்க்கவில்லை.

பாதை சரிவில் நேராக இறங்கினால் இந்த நீருக்கு வெளியேற வழியில்லை. கீழே போகப் போக அளவு கூடுகிறது, வேகமும் கூடுகிறது. ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று படித்திருப்பீர்கள். ஆற்றியலில் இன்னொரு பழைய விதி உண்டு: நீரால் உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை, வேகத்தின் ஆறாம் படிக்கு ஏற்ப உயரும். வேகம் இரு மடங்கானால் 2×2×2×2×2×2, அதாவது 64 மடங்கு எடையுள்ள கல். மேலே மணலை மட்டும் நகர்த்திய அதே நீர், கீழே கூழாங்கல்லைப் புரட்டுவதற்கு இதுவே காரணம்.

நம் வட்டார மலைகளின் அடியில் இருப்பது பெரும்பாலும் கருங்கல். தீபகற்பத்தின் முதுகெலும்பான தித்திவாங்சா மலைத்தொடரைச் சேர்ந்தது. வெயிலிலும் மழையிலும் பல இலட்சம் ஆண்டுகள் சிதைந்து, பல மீட்டர் ஆழத்திற்கு மணல் கலந்த களிமண்ணாக மாறியிருக்கிறது. மேலே இலையும் வேரும் மூடியிருக்கும் வரை இது உறுதியாக நிற்கும். மூடி போனால் சர்க்கரைக் கட்டி மாதிரி கரையும். சாலை போட வெட்டிய மேட்டில், மழைக்குப் பிறகு விரல்போன்ற பள்ளங்கள் விழுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான்.

'மரங்கள் இருக்கின்றனவே, மழையைத் தடுக்காதா?' என்ற கேள்விக்கும் கவனமாகப் பதில் சொல்ல வேண்டும். பெரிய மழைத்துளி ஒன்று விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் தரையில் மோதும். உயரமான மரத்தின் இலை நுனியில் சேர்ந்து சொட்டும் துளி, சாதாரண மழைத்துளியைவிடப் பெரிதாக இருக்கும். எட்டு, பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் ஏறக்குறைய அதே வேகத்தை எட்டிவிடும். ஆகவே மரம் மட்டும் மண்ணைக் காப்பதில்லை. தரையில் கிடக்கும் சருகும் சிறு செடிகளும்தான் காக்கின்றன. பாதையில் இல்லாதவையும் இவை இரண்டுமே.

கரைந்த மண் எங்கே போகிறது? புரோகா பக்கத்து ஓடைகள் செமினி ஆற்றில் சேர்கின்றன. செமினி ஆறு லங்காட் ஆற்றில் சேர்கிறது. நெகிரி செம்பிலானின் வடமேற்கு ஓரமும் லங்காட் ஆற்றுப் படுகைக்குள் அடங்கியதே. இந்த ஆற்று நீரைச் சுத்திகரித்துத்தான் பல இலட்சம் வீடுகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். நீர் கலங்கலாக வந்தால் வண்டலைப் படிய வைக்கப் படிகாரம் போன்ற பொருள்களை அதிகம் சேர்க்க வேண்டும். கலங்கல் அளவு மீறினால் ஆலையை நிறுத்தவே நேரிடும். பெரிய கட்டுமான இடங்களும் காட்டுவெட்டும் தரும் வண்டலோடு ஒப்பிட்டால் நடைபாதை தருவது சிறிதுதான். இருந்தாலும் அதைத் தடுப்பது நம் கையில் இருக்கிறது.

தோட்டத்தில் ஏற்கெனவே கற்ற பாடம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் குன்றுகளில் காட்டை அழித்து ரப்பர் நட்டபோது, துரைமார் ஒரு புல்கூட இல்லாமல் தரையைச் சுரண்டச் சொன்னார்கள். சுத்தமான தோட்டமே நல்ல தோட்டம் என்று நினைத்தார்கள். விளைவு, மேல்மண் மழையோடு ஓடைக்குப் போயிற்று. பிறகுதான் முறை மாறியது. சரிவில் சமவுயரக் கோட்டை ஒட்டிப் படிப்படியாகத் தளம் வெட்டி, அதில் மரம் நட்டார்கள். தளத்தின் உட்புறம் சற்றுத் தாழ்வாக இருக்கும். அதனால் தண்ணீர் கீழே பாயாமல் அங்கேயே நின்று மண்ணில் இறங்கும். ஆங்காங்கே வண்டல் தேங்கக் குழிகள் வெட்டினார்கள். நிரைகளுக்கு நடுவே புவேரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா போன்ற அவரைக் குடும்பக் கொடிகளைப் படரவிட்டார்கள். இவற்றின் வேர்முண்டுகளில் வாழும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனை உரமாக்கும். கொடியோ மழைத்துளியின் அடியைத் தாங்கும். 1925-இல் அமைந்த மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் போன்ற நிறுவனங்கள் இத்தகைய முறைகளை ஆராய்ந்து பரப்பின.

ஆராய்ச்சி அவர்களுடையது; மண்வெட்டி நம்முடையது. உங்கள் வீட்டில் தோட்டத்து வெளிக்காட்டு வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். தளம் வெட்டும்போது மண்ணை எந்தப் பக்கம் தள்ளினீர்கள், குழியை எங்கே போட்டீர்கள், கொடி ஏன் வளர்த்தீர்கள் என்று. மலைப்பாதையைப் பாதுகாக்கும் நூல்களில் உள்ளதில் பாதி அவர் வாயிலிருந்தே வரும்.

நல்ல பாதையின் கணக்கு

சாய்வு என்பது உயர்ந்த அளவைக் கிடைத்தூரத்தால் வகுப்பது. 10 மீட்டர் நடந்து 1 மீட்டர் ஏறினால் 10 விழுக்காடு. பாதை அமைப்பவர்கள் இரண்டு விதிகளை மனத்தில் வைத்திருப்பார்கள். முதலாவது, பாதையின் சராசரிச் சாய்வு 10 விழுக்காட்டை ஒட்டி இருக்கட்டும். இரண்டாவது இன்னும் முக்கியம்: பாதையின் சாய்வு, அது போகும் மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது. சரிவு 30 விழுக்காடு என்றால் பாதை 15-க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால், மேலிருந்து வரும் நீருக்குப் பாதையைக் குறுக்கே கடப்பதைவிடப் பாதையோடு ஓடுவதே எளிதாகிவிடும். நீர் எப்போதும் எளிய வழியைத்தான் பிடிக்கும், நம்மைப் போல.

100 மீட்டர் உயரம் ஏற, 10 விழுக்காட்டுப் பாதை 1,000 மீட்டர் நீளும். 40 விழுக்காட்டுச் சரிவில் நேராக ஏறினால் கிடைத்தூரம் 250 மீட்டர்தான். இந்த 750 மீட்டர் வித்தியாசம்தான் குறுக்குவழிகளைப் பெற்றெடுக்கிறது. முன்னால் போகிற ஒருவர் வளைவைத் தவிர்த்துக் குறுக்கே இறங்குவார். பின்னால் வரும் இருபது பேரும் அதுதான் வழி என்று நினைப்பார்கள். ஒரே காலையில் ஒரு வாய்க்கால் பிறந்துவிடும்.

பாதையின் வெளி ஓரம் உள் ஓரத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் அகலத்திற்கு 5 சென்டிமீட்டர் போதும். நீர் மெல்லிய படலமாகக் குறுக்கே வழிந்து போகும். தோட்டத் தளத்திற்கு உட்புறம் தாழ்வு, நடைபாதைக்கு வெளிப்புறம் தாழ்வு. ஒன்றில் நீரைச் சேமிக்க வேண்டும், மற்றதில் விரட்ட வேண்டும். நீண்ட இறக்கமாக இருந்தால் இடையிடையே ஓர் அலைபோல லேசாக ஏறி இறங்க வைப்பார்கள். அந்தத் தாழ்வில் நீர் வெளியேறிவிடும். பாதைக்குக் குறுக்கே சாய்வாகப் பதித்த மரத்துண்டும் அதே வேலையைச் செய்யும். ஆனால் அதன் பின்னால் சேரும் மண்ணையும் சருகையும் அவ்வப்போது வாரி வெளியேற்றாவிட்டால் இரண்டு மழையில் அது அடைத்துக்கொள்ளும்.

கூட்டு முயற்சி இங்கேதான் தேவைப்படுகிறது. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1921-இல் பென்டன் மக்காய் என்பவர் யோசனை சொன்னார். 1937-இல் பாதை முழுமையடைந்தது. சுமார் 3,500 கிலோமீட்டர் நீளத்தையும் இன்றுவரை சுமார் 30 தன்னார்வ மன்றங்கள் பங்கு போட்டுக்கொண்டு பராமரிக்கின்றன. 'எல்லாரும் எல்லா இடத்தையும் பார்த்துக்கொள்வோம்' என்று விடாமல், இந்த மைலிலிருந்து அந்த மைல் வரை உன் பொறுப்பு என்று எழுதி வைத்ததில்தான் அவர்களுடைய வெற்றி இருக்கிறது. நம் கோத்தோங் ரோயோங் நாள்களில் பெரும்பாலும் குப்பை பொறுக்கிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். குப்பை பொறுக்குவது அவசியம்தான். ஆனால் புட்டியை நாளைக்கும் பொறுக்கலாம். போன மேல்மண் ஒரு சென்டிமீட்டர் திரும்ப வரப் பல பத்தாண்டுகள், சில இடங்களில் நூற்றாண்டுகள் ஆகும்.

ஓர் எச்சரிக்கை. நிரந்தர வனக் காப்பகங்கள் 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் கீழ் வருபவை. நுழையவே வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். மண்ணை வெட்டவும் கட்டை பதிக்கவும் தனியாகக் கேட்க வேண்டும். அனுமதி இல்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு: வரிசையாக நடப்பது, குறுக்குவழியில் இறங்காமல் இருப்பது, கெட்டுப்போன இடத்தைப் படமெடுத்து, இடக்குறிப்போடு வனத்துறைக்கு எழுதுவது.

அனுமதிச் சீட்டை வெறும் காகிதத் தொல்லை என்று நினைப்பவர்கள் குரங்கணியை நினைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், 2018 மார்ச் 11 அன்று, மலைநடைக்குப் போன குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல் நிறைந்த மலைச்சரிவு அது. தீ மேல்நோக்கி ஏறும்போது சுவாலை முன்னால் உள்ள புல்லைச் சூடாக்கி உலர்த்திவிடுவதால் வேகம் பெருகும். சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது தீயணைப்பாளர் கணக்கு. அதைவிட வேகமாக மனிதனால் மலையேற முடியாது. அந்தத் துயரத்திற்குப் பிறகு தமிழக அரசு மலைநடைக்கெனத் தனி விதிகள் வகுத்தது. புரோகா உச்சியை மூடியிருப்பதும் லாலாங் புல்தான். வறண்ட மாதங்களில் ஒரு சிகரெட் துண்டு போதும். யார், எத்தனை பேர், எந்த வழியில் போயிருக்கிறார்கள் என்று அதிகாரியிடம் ஒரு பட்டியல் இருப்பது அப்போதுதான் பயன்படும்.

நீங்களே அளந்து பாருங்கள்

பள்ளி வளாகத்திலேயே தொடங்கலாம். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள மிலோ டின் ஒன்றை இருபுறமும் திறந்து, 3 சென்டிமீட்டர் ஆழத்திற்கு மண்ணில் அழுத்துங்கள். விளிம்பில் கை வெட்டிக்கொள்ளாமல் இருக்க மேலே ஒரு பலகை வைத்துத் தட்டுங்கள். 400 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றினால் சுமார் 5 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். முதல் தடவை ஊற்றியது மண்ணை நனைக்க. இரண்டாம் தடவை ஊற்றியது இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். 10 நிமிடத்தில் இறங்கினால் உறிஞ்சும் வேகம் மணிக்கு 300 மில்லிமீட்டர். எந்த மழையையும் அந்த மண் குடித்துவிடும். இரண்டு மணி நேரம் ஆனால் மணிக்கு 25 மில்லிமீட்டர். மணிக்கு 50 மில்லிமீட்டர் பெய்யும் மழையில் பாதி வழிந்தோடும். மாணவர்கள் தினமும் மிதிக்கும் ஒற்றையடித் தடத்திலும், அதற்கு இரண்டு மீட்டர் தள்ளி மரத்தடியிலும் செய்து ஒப்பிடுங்கள்.

சாய்வை அளக்க மூன்று குச்சிகள் போதும். இரண்டு சம நீளக் கழிகளை உச்சியில் கட்டி, நடுவே குறுக்குக் கழி ஒன்றைப் பிணையுங்கள். உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்க விடுங்கள். இரண்டு கால்களையும் தரையில் வைத்து, நூல் குறுக்குக் கழியைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். பிறகு கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரு குறிகளுக்கும் நடுப்புள்ளியே சமமட்டம். கால்களுக்கு இடையே 1.5 மீட்டர் என்றால், சமதரையில் ஒரு காலின் கீழ் 15 சென்டிமீட்டர் கட்டை வைத்து நூல் நிற்கும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அது 10 விழுக்காட்டுக் குறி. இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு சரிவில் நடந்தால், எந்தக் கோட்டில் பாதை போயிருக்க வேண்டும் என்று உங்களால் சொல்லிவிட முடியும்.

கடைசியாக, பொறுமை தேவைப்படும் ஒரு சோதனை. நடமாட்டமுள்ள சரிவுப்பாதை ஒன்றின் இரு ஓரத்திலும், 1.5 மீட்டர் இடைவெளியில், உரிய அனுமதியோடு இரண்டு முளைகளை அடியுங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்கு நூலைச் சமமட்டமாக இழுத்துக் கட்டி, ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் நூலிலிருந்து தரை வரை உள்ள ஆழத்தை அளந்து எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அதே முளைகளில் மறுபடி அளங்கள். சராசரி ஆழம் 2 சென்டிமீட்டர் கூடியிருந்தால், குறுக்குவெட்டில் போனது 0.03 சதுர மீட்டர். 100 மீட்டர் நீளத்துக்கும் அப்படியே என்றால் 3 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.4 டன் என்று வைத்தால் 4.2 டன் மண். ஏட்டில் தேதியோடு, அந்த மூன்று மாதத்தில் பெய்த மழையையும் நடந்தவர்களின் தோராய எண்ணிக்கையையும் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு படிவம் மாறிப் போகும்போது ஏட்டை இளைய மாணவர்களிடம் கொடுத்து, முளைகள் இருக்கும் இடத்தையும் நேரில் அழைத்துப் போய்க் காட்டிவிடுங்கள்.